கோத்தகிரியில் ஓர் அண்ணாச்சியும் அவர் பழக்கும் பையனும்

கோவையில் இருக்கும் இளம் எழுத்தாளர் ஒருவர், தாம் எழுதிவரும் குற்ற நாவலின் சுருக்கத்தை அனுப்பி, அது நம்பும்படி இருக்கிறதா, எதை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கதை கோத்தகிரியில் நடக்கிறது. அறுபத்தைந்து வயதான கூலிக்கொலையாளி ஒருவர், தமக்குப் பின் தொழிலைப் பார்த்துக்கொள்ளப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைப் பழக்குகிறார். சைலன்சர் பொருத்திய கைத்துப்பாக்கியில் பயிற்சி, தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு துரத்தல், மலை ரயிலில் குருவும் சீடனும் மோதிக்கொள்ளும் இறுதிக் காட்சி என்று கதை நகர்கிறது. உதகை, குன்னூர் நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எதிரி தரப்பில் வாதாடியவன் (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத் தமிழில் எதிரி என்போம்), இன்று கோத்தகிரியிலேயே குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிழவரும் பையனும் அப்படியே இருக்கட்டும். கதையின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது. துப்பாக்கி, துரத்தல், ரயில் சண்டை மூன்றையும் எடுத்துவிடுங்கள். அவை எந்த மலைக்கும் பொருந்தும், ஆகவே இந்த மலைக்குப் பொருந்தவில்லை.

முதலில் துப்பாக்கி. தமிழ்நாட்டுப் போலீஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் குற்றப் பத்திரிகைகளில் கூலிக்கொலைக்குரிய ஆயுதம் பெரும்பாலும் அரிவாள்தான். நான்கைந்து பேர், இரண்டு பைக் அல்லது ஒரு கார், பட்டப்பகலில் சில நிமிட வேலை, அடுத்த சில நாட்களில் சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சரண்டர். இதுதான் வழக்கமான வடிவம். தனியாக வந்து, ஒரே குண்டில் முடித்துவிட்டு, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பனிமூட்டத்தில் மறையும் மனிதரை என் காலத்தில் எந்தக் கோர்ட் வராந்தாவிலும் நான் பார்த்ததில்லை. மலையில் துப்பாக்கியே இல்லையா என்றால், இருக்கிறது. உரிமம் உள்ளவை தேர்தல் அறிவிக்கப்பட்டதும் காவல் நிலையத்துக்குப் போய்விடும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர் கடமானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைத்திருப்பார், அவர் வைத்திருப்பது பாதி ஊருக்குத் தெரிந்திருக்கும். சத்தத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே தேவையில்லை. காட்டுமாட்டையும் யானையையும் விரட்ட இரவில் பட்டாசு வெடிப்பது இங்கே சாதாரணம் என்பதால், ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்டால் எந்தத் தோட்டத்துக்குள் எது இறங்கியதோ என்று நினைத்தபடி மக்கள் புரண்டு படுத்துக்கொள்வார்கள். சைலன்சர் தேவைப்படாத ஊரில் சைலன்சர் வைத்து எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியானால் தனியாக இயங்கும் முதியவர் என்ற உங்கள் பாத்திரம் விழுந்துவிடுமா? விழாது, அவருடைய வேலையை மாற்றினால் போதும். கூலிப்படையில் வெட்டுகிறவனை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். கிடைப்பதற்கு அரியவர் ஸ்கெட்ச் போடுபவர். யாரைத் தூக்க வேண்டுமோ அவர் எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறார், செய்தித்தாளை எடுக்கத் தெருவரை வருகிறாரா அல்லது வாசலோடு நின்றுவிடுகிறாரா, செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனால் எந்த வழியாகத் திரும்புகிறார் என்பதையெல்லாம் இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்து, ‘இந்த இடம், இந்த நேரம்’ என்று குறித்துக் கொடுப்பவர். மற்றவர்கள் ‘சம்பவம்’ செய்துவிட்டுச் சரணடைவார்கள். ஏ1, ஏ2 என்று நீளும் எதிரிகள் பட்டியலில் இவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அறுபத்தைந்து வயதில் மூட்டுவலியோடும் சர்க்கரை மாத்திரையோடும் ஒருவர் செய்யக்கூடிய வேலை இது. ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய வேலையும் இதுதான்.

தேயிலைத் தோட்டத்துத் துரத்தலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வளர்ந்த தேயிலைச் செடிகள் நெருக்கமாக நடப்பட்டு, கவாத்து வெட்டி வெட்டி, இடுப்பளவில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மேசைபோல் நிற்கும். மேலே பார்த்தால் பச்சைக் கம்பளம். உள்ளே எலும்பு போன்ற கிளைகள். அதற்குள் ஓடினால் பத்து அடிக்குள் லுங்கி கிழியும், அடுத்த பத்து அடியில் தொடை கிழியும். நிரைகளுக்கு இடையே உள்ள ஒற்றையடித் தடத்தில் ஓடினாலோ, இடுப்புக்கு மேல் முழு உடம்பும் எதிர்ச்சரிவுக்குத் தெரியும். இடுப்பில் படங்கு (தார்ப்பாய்) கட்டிய பெண்கள் அந்தச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தால், ஓடியவன் போட்டிருந்த சட்டையின் நிறத்தை நீதிமன்றத்தில் வந்து ஒரே குரலில் சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஒரு பெண்ணை நான் ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்து தோற்றிருக்கிறேன்.

ரயிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரை வந்த பாதை 1908இல் உதகையைத் தொட்டது. அந்தத் தூரத்தை ஏற இன்றும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. பல்சக்கரப் பகுதியில் வண்டி போகும் வேகத்தில், சண்டை பிடிக்காத பயணி இறங்கி நடந்தே போய்விடலாம். பெட்டிக்குப் பெட்டி வெளியே பிரேக்மேன் நின்றுகொண்டிருப்பார். போதாக்குறைக்கு அந்த ரயில் கோத்தகிரிப் பக்கமே வராது. உங்கள் குருவும் சீடனும் சண்டை போடுவதற்காகக் குன்னூர் வரை பஸ் ஏற வேண்டியிருக்கும்.

இனி, இந்த மனிதர் மலைக்கு எப்படி வந்தார்? உங்கள் சுருக்கத்தில் ‘தலைமறைவாக வாழ வந்தவர்’ என்று இருக்கிறது. தலைமறைவாக வாழ நினைப்பவர் சென்னைக்கோ திருப்பூருக்கோ போவார். எட்டு மணிக்குக் கடையடைத்ததும் தெரு காலியாகிவிடும் ஊருக்கு வரமாட்டார். இதைவிட இயல்பான காரணம் ஒன்றை நீதிமன்றமே உங்களுக்குத் தருகிறது. கொலை வழக்கில் ஜாமீன் கொடுக்கும்போது, சாட்சிகள் இருக்கும் ஊரிலிருந்து எதிரியை விலக்கிவைக்க, தொலைவில் உள்ள வேறோர் ஊரில் தங்கி அங்குள்ள காவல் நிலையத்தில் தினமும் காலை கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை போடுவது உண்டு. கன்டிஷன் பெயில் என்பார்கள். அப்படித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிக்கு வந்து, லாட்ஜில் தங்கி, தினமும் காலை பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதிப் பகல் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். வழக்கில் விடுதலையான பிறகும் கீழே இறங்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் கட்டிப் பூட்டிவைத்திருக்கும் பங்களாவுக்குக் காவலாளாக இருந்துவிட்டார். ஆண்டில் பத்து நாள் மட்டும் முதலாளி வரும் அப்படிப்பட்ட வீடுகள் இங்கே ஏராளம். ஒரே ஒரு எச்சரிக்கை: 2017 ஏப்ரலில் கொடநாடு எஸ்டேட்டில் காவலாளி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கை இந்தப் பக்கத்து வாசகர் எவரும் மறக்கவில்லை. உங்கள் பங்களாவை அந்தச் சாலையிலிருந்து தள்ளியே வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதாத ஒரு கதையை வாசகர் உங்கள் கதைக்குள் தேட ஆரம்பித்துவிடுவார்.

அவருக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயரும் தேவையில்லை. தென்மாவட்டத்துப் பேச்சோடு மலையில் ஒருவர் இருந்தால் அவர் ‘அண்ணாச்சி’; அவருக்கு மளிகைக்கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அண்ணாச்சிதான். இருபது ஆண்டுகளாக ஒருவரும் அவர் பெயரைக் கேட்டதில்லை என்பது அவருடைய தொழிலுக்குக் கிடைத்த பெரிய வசதி. பையன் அவரை அப்படியே கூப்பிடட்டும்; ‘மாஸ்டர்’ என்றோ ‘குருவே’ என்றோ கூப்பிட்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அவர் பையனைக் கோபத்தில் ‘ஏலே’ என்றும் மற்ற நேரத்தில் ‘தம்பி’ என்றும் அழைப்பார். பெயர் சொல்லி அழைக்கும் இடம் கதையில் ஒரே ஒரு முறை வந்தால் போதும்.

பையனை எந்தச் சமூகத்தவனாகக் காட்டுவது என்று தயங்கியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் நல்லது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளை என்று வைத்தால் பரிதாபத்துக்கு வசதியாக இருக்கும், அந்த வசதிக்காகவே அதைத் தவிர்க்கலாம். படகர் வீட்டுப் பையன் என்றால், அவனுடைய ஹட்டி (படகர் ஊர்) முழுவதையும், அவன் பாட்டியையும், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அவன் வெள்ளை உடுத்திப் போவதையும் எழுதும் பொறுப்பு உங்களுக்கு வந்துவிடும். அதை ஏற்க முடியுமானால் கதைக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. அவன் வீட்டில் பேசுவது படக மொழி. அண்ணாச்சிக்கு அது புரியாது என்ற நம்பிக்கையில் அவர் முன்னாலேயே போனில் தன் மாமன் மகனிடம் எல்லாவற்றையும் பேசுவான். இருபது ஆண்டு இங்கே இருந்தவருக்கு அது புரியாமலா இருக்கும்? புரிகிறது என்பதை அவர் ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை. இந்த ஒன்றை வைத்தே முப்பது பக்கத்துக்குப் பதற்றத்தை இழுக்கலாம்.

பையனுக்குத் தொழில் வேண்டும். ஒரு ஏக்கர் தேயிலை உள்ள அப்பா, பச்சைத் தேயிலை விலை விழுந்ததால் ஏறிய கடன், பிளஸ் டூவோடு நின்ற படிப்பு, வாடகை பிக்அப் வண்டி. மலையில் விளையும் கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. நள்ளிரவுக்கு மேல் மலைச்சாலையில் போகும் வண்டிகளில் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி காய்கறி லோடு ஏற்றியதுதான். அண்ணாச்சி அவனைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு எந்தக் காரணமும் தேவையில்லை. கண்ணில் தீ தெரிந்தது, தன் இளமை தெரிந்தது என்றெல்லாம் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். உங்கள் கதையில் கற்றுக்கொடுப்பவர் எப்போதும் கிழவர், கற்றுக்கொள்பவன் எப்போதும் பையன். மலையில் இது தலைகீழாகப் புரள வேண்டும். அண்ணாச்சி கற்ற வித்தை சமவெளி வித்தை. கூட்டத்தில் கரைவது, முகம் பதியாமல் நடப்பது, ஒரே டீக்கடைக்கு இரண்டாம் முறை போகாதிருப்பது என்று அது மதுரை மாட்டுத்தாவணிக்கும் சென்னை கோயம்பேட்டுக்கும் ஏற்ற பாடம். அதை அவர் பையனுக்குச் சொல்லித்தந்துவிட்டு, சோதிப்பதற்காக முன்பின் தெரியாத ஒரு கல்யாண வீட்டுக்கு அனுப்புகிறார். சாப்பிட்டு வர வேண்டும். யார் நினைவிலும் நிற்கக் கூடாது. மாலையில் பையன் வருகிறான். பங்களாவின் சமையலறையில் குக்கர் நான்காவது விசிலுக்குக் காத்திருக்கிறது. இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் வைத்த பருப்பு லேசில் வேகாது என்பது அண்ணாச்சிக்கு இன்றும் தீராத குறை.

“ஏலே, ஒன்னய யாரு பாத்தா அங்க?”

“எல்லாரும்தான் பாத்தாங்க அண்ணாச்சி. எலை போட்டதும் ‘நீ யாரு பையன்’னு கேட்டாங்க. சொல்லாம இருக்க முடியுமா? ரெண்டாவது வாட்டி பாயசம் ஊத்துனவரு எங்கப்பாகூடப் படிச்சவராம். போகும்போது தேங்காப் பை குடுத்து, அப்பாவக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு.”

அண்ணாச்சி அந்தப் பையை வாங்கிப் பார்க்கிறார். மணமக்களின் பெயர் அச்சிட்ட மஞ்சள் பை, உள்ளே ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம். கெட்ட வார்த்தை ஒன்று அவர் வாய் வரை வந்து நின்றுவிடுகிறது. பையன் அடுப்பை அணைத்துவிட்டுச் சொல்கிறான்: “இங்க ஒளியறதுக்கு எடமே இல்ல அண்ணாச்சி. நான் தெனமும் லோடு எறக்கறேன். குஞ்சப்பனை செக்போஸ்ட்ல இருக்கறவரு என் மூஞ்சிய நிமுந்துகூடப் பாக்கறதில்ல.”

சமவெளியில் பார்க்கப்படாமல் இருக்க வேண்டும். மலையில் தினமும் பார்க்கப்பட வேண்டும். இருபது ஆண்டு காவலாளாக இருந்து தானறியாமலே இதைச் செய்துகொண்டிருந்த கிழவருக்கு, அது ஒரு வித்தை என்பது பையன் வாயால்தான் தெரியவருகிறது. இந்தக் காட்சிக்குப் பிறகு இருவருக்கும் இடையே உள்ள உயரம் மாறிவிடும். நாவலின் இரண்டாம் பாகத்தை இங்கிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

தப்பிக்கும் வழியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் ‘காரில் மலையிறங்கினார்கள்’ என்று முடித்திருக்கிறீர்கள். சமவெளிக் கதையில் அது சரி. இங்கே கொலை பத்து நிமிட வேலை என்றால், இறங்குவதுதான் கதை. கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர்; இன்னொரு பக்கம் கட்டபெட்டு போய்க் குன்னூர், பர்லியாறு. கர்நாடகத்துக்குப் போகலாம் என்றால் கூடலூருக்கு அப்பால் பந்திப்பூர்க் காட்டுச்சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் இரவில் யானை நிற்கும். எந்த வழியானாலும் சோதனைச்சாவடி உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும் என்பதால், கீழேயிருந்து ஆள் வரவழைத்தால் அவர்கள் ஏறும்போதே பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுகிறார்கள் என்று பொருள். டிஎன் 43 என்று தொடங்கும் உள்ளூர்ப் பதிவெண் கொண்ட காய்கறி வண்டியின் மதிப்பு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கதையை எந்த மாதத்தில் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நீங்கள் மே மாத சீசனில் வைத்திருக்கிறீர்கள், நவம்பருக்கு மாற்றுங்கள். உதகைக்கு மேற்கே கூடலூர், பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்; கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் கனமானது. 2009 நவம்பரில் பெய்த மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலையும் ரயில் பாதையும் பல இடங்களில் போய்விட்டன. அந்த அளவுக்கு வேண்டாம், ஒரு சாதாரண மண்சரிவு போதும். அண்ணாச்சி மூன்று மாதம் உட்கார்ந்து போட்ட ஸ்கெட்ச் துளியும் பிசகாமல் நடந்து முடிகிறது. வண்டி இறங்கப் புறப்படும்போது இரண்டு சாலையும் அடைபட்டுவிடுகின்றன. பொக்லைன் வந்து மண்ணை அள்ளும் வரை கொன்றவர்களும் துக்கத்துக்கு வந்தவர்களும் ஒரே ஊரில், ஒரே டீக்கடையில், ஒரே மழையில் நிற்க வேண்டும். இறந்தவரின் வீட்டுக்குப் பையன் போகாமல் இருந்தால் அவன் அப்பா ஏன் என்று கேட்பார். போனால் பந்தல்காலைப் பிடித்துக்கொடுக்கச் சொல்வார்கள்.

மருத்துவப் பகுதியில் ஒரு திருத்தம். இறந்தவரின் உடல் விறைப்பு விலகத் தொடங்கியிருப்பதை வைத்து உங்கள் டாக்டர் ‘இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது’ என்கிறார். வெயிலூரில் அது பொருந்தும். மழையும் குளிரும் சேர்ந்த நவம்பரில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், விறைப்பு மெதுவாகத்தான் ஏறும். ஏறியது இரண்டு மூன்று நாள்கூட நிற்கும். இறந்த நேரத்தை நெருக்கிச் சொல்ல டாக்டரே தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குள் எதிரி தரப்பு வக்கீல் ஒரு யானையை நுழைத்துவிடுவார் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன். கொலையைக் கரடி தாக்கியதாகக் காட்டும் உங்கள் துணைக்கதையை மட்டும் நீக்கிவிடுங்கள். கோத்தகிரியில் கரடி உலவுவது உண்மை. ஆனால் கரடி முகத்திலும் தலையிலும் கிழித்த காயத்தையும் அரிவாள் எலும்பு வரை இறங்கிய காயத்தையும் எந்த அரசு மருத்துவரும் குழப்பிக்கொள்ளமாட்டார்.

செல்போனுக்கும் இதே கதி. சென்னையில் ஒரு டவரின் கீழ் இரவு இரண்டு மணிக்கும் ஆயிரக்கணக்கான எண்கள் இருக்கும். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் அதே நேரத்தில் விழித்திருக்கும் எண்களைப் போலீஸ் ஒரு தாளில் எழுதிவிடலாம். அன்று மட்டும் அணைத்துவைக்கப்பட்ட போன், இயங்கிக்கொண்டிருந்த போனைவிட அதிகமாகப் பேசும்.

இனி நான் சொல்ல விரும்பிய முக்கியமான விஷயம். இந்தக் கதையில் போலீசைவிடப் பெரிய அபாயம் பயிற்சிதான். தனியாக வேலை செய்த காலத்தில் அண்ணாச்சியின் தலைக்குள் இருப்பதைத் தெரிந்தவர் அவர் ஒருவரே. பழக்கத் தொடங்கிய நாள் முதல், ஒவ்வொரு பாடத்தையும் இன்னொருவன் தலைக்குள் எடுத்து வைக்கிறார். சீடன் எவ்வளவு நன்றாகக் கற்கிறானோ அவ்வளவு நல்ல சாட்சியாகிறான். குற்றத்தில் பங்குபெற்ற ஒருவன் முழு உண்மையையும் சொல்வதாக ஒப்புக்கொண்டால், அவனுக்கு நீதிமன்றம் மன்னிப்பு வழங்கிச் சாட்சியாக ஏற்கலாம்; அப்ரூவர் என்று நாம் சொல்வது அவனைத்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 343ஆம் பிரிவு. ஆனால் அப்ரூவர் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிப்பதில்லை. முக்கியமான விவரங்களில் வேறு சான்று அதற்குத் துணை நிற்க வேண்டும். அந்தத் துணைச் சான்று எங்கிருந்து வரும்? பாடத்திலிருந்துதான். டீக்கடையில் எந்தப் பக்க பெஞ்சில் உட்கார வேண்டும் என்று கிழவர் சொன்னாரோ, அந்த பெஞ்சில் பையன் நாற்பது நாள் உட்கார்ந்ததைக் கடைக்காரர் சொல்வார். கல்யாண வீட்டு மஞ்சள் பை பங்களாவின் சமையலறையில் இருக்கும்.

காலம் மாறியதையும் சட்டத்தின் வழியாகவே காட்டலாம். அண்ணாச்சிக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் மனப்பாடம். கொலை என்றால் 302, கூட்டுச்சதி என்றால் 120-பி. 2024 ஜூலை 1 முதல் அந்த எண்கள் போய்விட்டன. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குத் தண்டனை 103ஆம் பிரிவு, சதிக்கு 61. கூலிக்கொலையைப் பெயர் சொல்லியே 111ஆம் பிரிவு அமைப்புசார் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. அவர் இன்னும் ‘முன்னூத்தி ரெண்டு’ என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டுப் பையன் தன் போனில் தேடிப் பார்த்துத் திருத்துகிறான். தன் காலம் முடிந்துவிட்டது என்பதை மூட்டுவலியைவிட அந்தத் திருத்தம் அவருக்கு வலிக்கும்படி சொல்லும்.

பையனின் வயதைப் பத்தொன்பதிலிருந்து பதினேழரையாகக் குறைக்கலாம் என்றும் தோன்றுகிறது. ‘உன் பிறந்தநாள் என்னிக்கு தம்பி?’ என்று அவர் கேட்கும்போது வாசகர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வார். அவர் போடுவது கணக்கு: குற்றம் நடந்த நாளில் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் பையனுக்குத் தூக்கு கிடையாது, வெளியே வர வழியே இல்லாத ஆயுள் சிறையும் கிடையாது. அவருக்குத் தெரியாதது புதிய சட்டத்தின் 95ஆம் பிரிவு. பதினெட்டு வயதுக்குட்பட்டவரைக் குற்றத்துக்கு அமர்த்துவதே தனிக் குற்றம், 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை; குற்றம் நடந்துவிட்டால், அமர்த்தியவரே அதைச் செய்ததுபோல் தண்டனை. பையனின் பிறந்தநாளுக்கு அவர் வர்க்கியும் ஒரு ஸ்வெட்டரும் வாங்கி வருகிற காட்சியில் பாசம் எது, கணக்கு எது என்று நீங்களும் பிரித்துச் சொல்ல வேண்டாம்.

ஊரும் ஆண்டும் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். கூலிக்கொலை வழக்கு ஒன்றில் அறுபதைத் தாண்டிய ஒருவருக்காக ஆஜரானேன். வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் குரங்குக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோர்ட் வராந்தாவில் வெயில் விழும் மூலையில் உட்கார்ந்திருப்பார். காவலுக்கு வந்த ஏட்டையாவுக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுப்பார். இரண்டு ஆண்டில் வழக்கைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. என்ன தண்டனை வரும் என்று கேட்கவில்லை. ‘பையன் என்ன சொல்லியிருக்கான் சார்?’ என்றுதான் கேட்டார். கூட இருந்த இளைஞன் கடைசி வரை வாயே திறக்கவில்லை என்று சொன்னேன். நிம்மதியடைவார் என்று எதிர்பார்த்தேன். கடலைத் தோலைக் கையில் திரட்டிக்கொண்டே, ‘சொல்லியிருக்கலாம்ல?’ என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் இறுதிக் காட்சிக்கு ரயில் வேண்டாம், கத்தியும் வேண்டாம். மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுக்க வருகிறவனிடம், ‘நீ சொல்லத் தேவையில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படுத்தப்படலாம்’ என்று எச்சரித்துவிட்டு, யோசித்துப் பார்க்க அவகாசம் கொடுத்து அனுப்புவது வழக்கம். பெரும்பாலும் ஒரு நாள். அந்த இடைவெளியில் அவனைப் போலீசிடம் விடமாட்டார்கள். பையனுக்குப் பதினெட்டுக்குக் குறைவு என்று வைத்தால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டியிருக்கும், காட்சி வேறு. பத்தொன்பதாகவே வைத்துக்கொண்டால் அந்த ஒரு இரவு குன்னூர் கிளைச் சிறையில். அண்ணாச்சி கோவை மத்திய சிறையில், இருபது ஆண்டுக்குப் பிறகு முதன்முறையாகப் போர்வை தேவைப்படாமல் படுத்திருக்கிறார். சொன்னால் மன்னிப்பு; ஆனால் ஜாமீனில் இல்லாத அப்ரூவர் விசாரணை முடியும் வரை உள்ளேயேதான் இருக்க வேண்டும் என்பதையும் யாராவது ஒரு கைதி அவனுக்குச் சொல்லட்டும். அந்த இரவை முழு அத்தியாயமாக எழுதி அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன். நவம்பர் என்று வைத்தால் குன்னூரில் அன்று இரவு தகரக் கூரை மேல் மழை விடாது. பக்கத்தில் படுத்திருப்பவன் சொல்வது பாதிதான் காதில் விழும்.